கொட்டகைக்கு வெளியே தம்பியும் நானும்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒரு காணொளி வந்ததே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஓர் ஊரில், ஏசி தியேட்டர் ஒன்றில் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பின் வரிசையிலிருந்து கத்துகிறார்கள். தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் தட்டுத் தடுமாறிப் படியிறங்கி வெளியே போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் மடியில் இருந்த பாப்கார்னை எடுத்துக் கீழேகூட வைக்கவில்லை. அதைப் பற்றி நீங்கள் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தத் தாய்க்குப் பொறுப்பில்லை என்று எழுதினீர்கள். ஒருத்தி, நம் அம்மாக்கள் எல்லாம் இப்படியா இருந்தார்கள் என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டாள்.

கைபேசியில் இரண்டு வரி அடித்து முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என் தம்பிக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனது என்பதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் மாதா கோயில் வளாகத்தில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. வாத்தியார் பெண்சாதி பச்சைக் குழந்தையை சினிமாக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்தச் சத்தத்தில் பிள்ளைக்குக் காது போய்விட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாகல் நகரில், சந்துக்குள் இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சைக்கிள், கையில் குடை. அவர் தெருவில் வந்தால் கோலிக்குண்டு விளையாடும் பையன்கள் குண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் தம்பி பிறந்தபோது கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். எரியோட்டிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு கூடைத் தக்காளியும் இரண்டு கோழியும் கொண்டுவந்தாள்.

எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மட்டும் என்னவோ ஆகியிருந்தது. பேறுகாலம் முடிந்து மாதங்கள் போன பிறகும் அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் குழம்பு அடிபிடித்துக்கொண்டிருக்கும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பி அழுதால் முதலில் எனக்குத்தான் கேட்கும். இன்றைக்கு டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அத்தை வைத்த பெயர் "திமிரு."

அதிலிருந்து அவளை வெளியே இழுத்தது சினிமாதான். கொட்டகையின் கூரைமேல் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்களே, படம் தொடங்குவதற்கு முன்னால் ஊரெல்லாம் கேட்கப் பாட்டுப் போடுவார்களே, அந்தப் பாட்டு காற்றோடு எங்கள் சந்து வரைக்கும் வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அதைக் கேட்டாள். பிறகு கூடவே முணுமுணுத்தாள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாள்.

"என்னங்க, சனிக்கிழமை நீங்க டியூசன் எடுக்கப் போயிர்றீக. அப்ப நான் மேட்டினிக்குப் போயிட்டு வரவா?"

அப்பா உடனே மறுக்கவில்லை. யோசித்துவிட்டு, "போறதுன்னா போ. நான் வரையில காபி இருக்கணும். அப்புறம், வாத்தியார் வீட்டுப் புள்ள கொட்டகையில கத்துச்சுன்னு ஒருத்தன் எங்கிட்ட வந்து சொல்லக் கூடாது" என்றார்.

அவர் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா என்று அம்மா கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமைகளில் அம்மா வேறு ஆளாக இருப்பாள். விடியும்போதே சோறும் வெஞ்சனமும் ஆகிவிடும். முகத்துக்குப் பவுடர், தலையில் கனகாம்பரம், பெட்டியிலிருந்து எடுத்த நீலச் சேலை. கொட்டகையில் பெண்களுக்குத் தனி வாசல். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இருட்டுச் சந்து மாதிரி வரிசை, அதன் முடிவில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் ஒரு அம்மாள். உள்ளே பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். தரையெல்லாம் மணல். பீடிப் புகையும் வியர்வையும் மல்லிகையும் கலந்த வாடை. முதல் வாரம் நாங்கள் உட்கார்ந்து, விளக்கு அணைந்து, திரையில் எழுத்து ஓடத் தொடங்கியபோது அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அடுத்த நிமிஷம் தம்பி அழத் தொடங்கினான். இருட்டு அவனுக்குப் பழக்கமில்லை. அம்மா பால் கொடுத்துப் பார்த்தாள். முந்தானையால் மூடிப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதறினான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் வந்தது. "ஏம்மா, புள்ளையத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு வா!" என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது. பெண்களும்தான். பின்னால் இருந்த ஒருத்தி, "பெத்தா வீட்ல கெடக்கணும், வந்துட்டாளுக" என்றாள். அம்மா தம்பியின் வாயைக் கையால் பொத்தினாள். அப்புறம் அவள் என் பக்கம் குனிந்தாள்.

"பாப்பா, இவனைச் செத்த நேரம் வெளியில வச்சிரு. அழுகை நின்னதும் கொண்டா."

நான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி வெளிச்சத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டான். உள்ளே கொண்டுபோனால் மறுபடியும் தொடங்கினான். மறுபடியும் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு, அந்த வாரமும் அடுத்து வந்த எல்லா வாரமும், அவன் கொட்டகைக்குள் போகவே இல்லை.

சைக்கிள் ஸ்டாண்டின் கீற்றுக் கொட்டகையில் ஒரு மூலை எங்கள் இடம். டிக்கெட் கிழிக்கும் அம்மாள் ஒரு சாக்கை விரித்துக் கொடுப்பாள், தகர டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவாள். எதிரே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெந்துகொண்டிருக்கும். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வரும். தம்பிக்கு விளையாட்டுக் காட்ட என்னிடம் ஒரு காலிப் பவுடர் டப்பா இருந்தது. உள்ளே புளியங்கொட்டை போட்டிருப்பேன். அவன் தலைக்குப் பின்னால் பிடித்து ஆட்டினால் டக்கென்று திரும்புவான். இந்தக் காதுப் பக்கம் ஆட்டினால் இந்தப் பக்கம், அந்தக் காதுப் பக்கம் ஆட்டினால் அந்தப் பக்கம். பல் இல்லாத வாயால் சிரிப்பான். படத்தின் சத்தம் அங்கே வரைக்கும் வருவது தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி மட்டும்தான்.

இடைவேளையில் அம்மா ஓடிவருவாள். தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே, அதுவரை நடந்த கதையை மூச்சுவிடாமல் எனக்குச் சொல்வாள். என் மடியில் ஒரு முறுக்கை வைத்துவிட்டு மணி அடித்ததும் ஓடிப்போவாள். மீதிக் கதை வீட்டுக்கு நடக்கும்போது. அந்த வருஷம் நான் பார்த்த படங்கள் எல்லாம் அம்மா சொன்ன படங்கள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். எனக்கும் படம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நடந்துகொண்டே கதை சொல்லும் அந்த அம்மாவை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் வேலை வெட்டி இல்லாமல் நிற்கும் ஒருவன் உண்டு. என்னைப் பார்த்தால் பக்கத்தில் வந்து குந்துவான். "வா பாப்பா, மேல மிசின் ரூம்ல இருந்து படம் காட்டுறேன்" என்பான். ஒருநாள் டிக்கெட் கிழிக்கும் அம்மாள் அதைக் கேட்டுவிட்டாள். "ஏலே, எந்திரிச்சுப் போயிரு. வாத்தியார் வீட்டுப் புள்ள அது" என்று கத்தினாள். படம் விட்டதும் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அன்று நடக்கும்போது கதை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனைப் பார்த்தால் அந்த அம்மாளிடம் ஓடிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமையும் போனோம்.

தவக்காலம் வந்தது. கறி இல்லை, பூ இல்லை, சினிமா இல்லை. அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்து நிற்கத் தொடங்கினாள். பாதித் தவக்காலம் அப்படியே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, அவள் வெகுநாளாகக் காத்திருந்த ஒரு படம் அன்றோடு மாறுகிறது என்று தெரிந்தது. அப்பா டியூசனுக்குக் கிளம்பும்வரை பேசாமல் இருந்தவள், அவர் சைக்கிள் சந்து திரும்பியதும் சேலை மாற்றினாள்.

தம்பியின் உடம்பு காலையிலிருந்தே கொஞ்சம் சூடாக இருந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பல்லு மொளைக்குது" என்றாள். ஸ்டாண்டு மூலையில் அன்று அவன் விளையாடவில்லை. சாக்கில் படுத்து முனகிக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வரும்போது உடம்பு கொதித்தது.

அம்மா பயந்துபோய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படத்துக்குப் போனதையும் சேர்த்து. அதுதான் அவள் செய்த தப்பு என்று இன்று தோன்றுகிறது. மறைத்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்கும். அப்பா கத்தவில்லை. தவக்காலத்தில் போனாயா என்று மட்டும் கேட்டார். மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கிவந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குடித்த பாலையெல்லாம் கக்கினான். திங்கட்கிழமை காலையில் அவன் அழுகை மாறிப்போயிருந்தது. பூனை கத்துவது மாதிரி மெல்லிசாக, விட்டு விட்டு. கழுத்தைத் தூக்கினால் விறைத்துக்கொண்டு வீறிட்டான். அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோங்க. புள்ள ஒரு மாதிரி இருக்கான்."

"இன்னைக்கு இன்ஸ்பெக்ஷன். டி.இ.ஓ. வாராரு. நான் இல்லாம எப்படி?"

"அப்ப நான் மட்டும் போறேன். வண்டிக்குக் காசு குடுங்க."

"பொம்பள தனியாப் போயி அங்க என்ன பேசுவ? பல்லு மொளைக்குதுன்னு நீதான சொன்ன? வெயில்ல தூக்கிட்டுச் சுத்தினீல்ல, ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்ஸ்பெக்ஷன் செவ்வாய்க்கிழமையும் நடந்தது. புதன்கிழமை காலை தம்பிக்கு வலிப்பு வந்தது. கண்கள் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அதன்பிறகுதான் அப்பா குதிரைவண்டி பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்தால் ஆண்டவன் புண்ணியம் என்றார்கள். பிழைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவன் மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தான். நான் பவுடர் டப்பாவை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் ஆட்டினேன். திரும்பவில்லை. மறுபடி ஆட்டினேன். முன்னால் கொண்டுபோய்க் காட்டினால் கையை நீட்டினான். பின்னால் கொண்டுபோனால் சும்மா இருந்தான். ஆஸ்பத்திரியில் நான் அவனோடு இல்லாததால் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கோபம் தீரட்டும் என்று தினமும் ஆட்டிப் பார்த்தேன்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தோம். அத்தை எரியோட்டிலிருந்து வந்திருந்தாள். தம்பி கூடத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான். அத்தையின் கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் நழுவி, அவனுக்கு நேர் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். தம்பி கரண்டியை நக்கிக்கொண்டே இருந்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். மெதுவாக வந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் மண்டி போட்டுக் கைதட்டினாள். "அப்பு" என்று கூப்பிட்டாள். "அப்பு, இங்க பாரு. அப்பு!" கத்தினாள். தாம்பாளத்தை எடுத்துத் தானே தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அந்த அதிர்வில் அவன் திரும்பி, அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அம்மா அழுவதற்கு முன்பே அத்தை தொடங்கிவிட்டாள்.

"சேசுவே! கொட்டகைக்குத் தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போனியேம்மா, பச்ச மண்ணு தாங்குமா அந்தச் சத்தத்த? தவக்காலத்துலயும் விடலையே நீ. உன் ஆசைக்கு எந்தம்பி புள்ள காதக் குடுத்துட்டியே!"

அப்பா நாற்காலியில் இருந்தார். அத்தை சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அன்று அது எனக்குப் புரியவில்லை. எத்தனையோ முறை அந்த முகத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூழ்கப்போகிறவனுக்குக் கையில் கயிறு கிடைத்த முகம் அது. தலையைக் குனிந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்க்கா" என்றார்.

"தம்பி உள்ளயே இல்ல அத்தை" என்றேன் நான். "நான்தான் அவன..."

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. எலும்பு நோகும்படி இறுக்கின. "நீ சும்மா இரு புள்ள" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "ஆமா மதினி. எந்தப்புதான்" என்றாள்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் வைத்து எனக்கு விளக்கினாள். விளக்கினாள் என்பதைவிடக் கெஞ்சினாள் என்று சொல்ல வேண்டும். "வெளியில வச்சிருந்தேன்னு யாருகிட்டயும் சொல்லாத, ஆத்தா. பொட்டப்புள்ளையையும் கைப்புள்ளையையும் நடுத்தெருவுல உக்கார வச்சுட்டு உள்ள படம் பாத்தான்னு சொல்லுவாக. அந்தப் பய உங்கிட்ட வந்து பேசினதும் வெளிய வரும். அப்புறம் இந்த வீட்ல என்னைய வச்சிருக்க மாட்டாக."

இரண்டு பழியில் ஒன்றை அவள் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அடுப்படிப் பரணில் இருந்த என் பவுடர் டப்பாவை அன்றே எங்கோ வீசிவிட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பா வாத்தியார் அல்லவா, ஊர் பார்க்க நியாயம் கேட்க வேண்டியிருந்தது. சில நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். காட்சி தொடங்காத நேரம். வாசலில் நின்று மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். கைக்குழந்தையை எப்படி உள்ளே விடலாம், உங்களுக்கும் பொறுப்பு இல்லையா என்று இங்கிலீஷும் தமிழுமாகப் பேசினார். மேனேஜர் திருதிருவென்று விழித்தார். கூட்டம் கூடியது. பெண்கள் வாசலிலிருந்து டிக்கெட் கிழிக்கும் அம்மாள் வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"சார், இந்தப் புள்ளையோட தம்பியா? அவன் உள்ளயே வரலையே சார். மொத வாரம் செத்த நேரம் அழுதான். அப்புறம் ஒருநாளும் வரல. இந்தப் பாப்பாதான் ஸ்டாண்டுல வச்சு வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருக்கும். நான்தான சார் சாக்கு விரிச்சுக் குடுப்பேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்படியா?"

நான் தலையாட்டினேன். அம்மா சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் அப்பா நேராகக் கேட்கும்போது எப்படி மறுப்பது?

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மனசுக்குள் பெரிய நிம்மதி எனக்கு. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நீ காரணமில்லை என்று சொல்லிவிடுவார். எங்கள் சந்து திரும்பும் இடத்தில் நின்று, குனிந்து, என் தோளில் கைவைத்தார். அப்படி அவர் என்னைத் தொட்டது அபூர்வம்.

"அந்தம்மா சொன்னத வீட்ல சொல்லாத, என்ன?"

"ஏன்ப்பா?"

"அம்மா வருத்தப்படுவா."

ஒரு வருஷம் கழித்து மதுரைக்கு, காது டாக்டரிடம் போனோம். அம்மா அறைக்குள் வர மாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி என் மடியில் இருந்தான். டாக்டர் என்னென்னவோ அடித்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். அப்பா, "சினிமாக் கொட்டகைச் சத்தத்துனால..." என்று தொடங்கினார்.

டாக்டர் பாதியிலேயே நிறுத்தினார். "சத்தம் எல்லாம் இல்ல சார். காய்ச்சல் காது நரம்பை அழிச்சிருச்சு. காய்ச்சல் வந்து எத்தனை நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க?"

அப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்லயே போயிருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

வெளியே வந்ததும் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "என்னங்க சொன்னாரு?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நம்ம நெனச்சதுதான்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். எச்சரிக்கவில்லை, மிரட்டவில்லை. வெறுமனே பார்த்தார். அது போதுமாக இருந்தது.

அம்மா அதன்பிறகு கொட்டகை வாசலை மிதிக்கவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டில் ரேடியோ வைக்க விடமாட்டாள். பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைப்பாள். தெருவில் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினால் போய், குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். சிரித்துக்கொண்டு கூடக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். காது கேட்காத பிள்ளை வளர்ந்த வீட்டில் நாங்கள் குசுகுசுவென்று பேசித்தான் வளர்ந்தோம். பாட்டு முணுமுணுத்த அந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

என் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவளிடம் சொன்னேன். கொட்டகை வாசலில் நடந்ததையும், டாக்டர் சொன்னதையும், ஒன்று விடாமல். அவள் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள். "நீ அப்ப சின்னப் புள்ள. உனக்கு என்ன வெளங்கியிருக்கும்?"

தம்பி காது கேளாதோர் பள்ளியில் படித்து, தையல் கற்று, தன்னைப் போன்ற ஒருத்தியையே கட்டிக்கொண்டான். அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் நன்றாகக் காது கேட்கும். புதுப் படம் வந்தால் குடும்பத்தோடு முதல் வாரமே போய்விடுவான். பிள்ளைகள் இருட்டில் அவன் கைமேல் கைவைத்துச் சைகையில் வசனம் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கூப்பிடுவான், இரண்டு கையையும் கூப்பி, விளையாட்டாக. அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சாகும்வரைக்கும் போகவில்லை.

அப்பா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன. போன மாதம் அம்மாவின் வருஷப் பூசை முடிந்த மறுநாள், அவருடைய பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்தார். அவரே ரிட்டயர் ஆகிப் பேரன் எடுத்தவர். பேச்சு தம்பியைப் பற்றி வந்தது. அப்பா பெருமூச்சு விட்டார்.

"என்ன செய்யிறது? அவளுக்கு சினிமாப் பைத்தியம். பையன் காதக் கொட்டகையில விட்டுட்டு வந்துட்டா. நான் யாரையும் குறை சொன்னதில்ல."

"உங்க பொறுமை யாருக்கும் வராது சார்" என்று சொல்லி, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அந்த மாணவர் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன்.

"அப்பா, மதுரை டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டரு?"

"தம்பி என் மடியில இருந்தான். நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அப்ப இன்ஸ்பெக்ஷன்" என்றார்.

"அது தெரியும். அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே. அம்மா போறதுக்கு முந்தியாச்சும்."

பள்ளிக்கூடத்தில் கணக்குப் புரியாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"யார் மேலயாவது வந்துதானம்மா ஆகணும்? அவ தாங்கிக்கிட்டா. என்னால தாங்கியிருக்க முடியாது."

வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அவர் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "செத்த காபி போடுறியா?" என்று கேட்டார்.

போட்டேன். ஆற்றி, சூடு பார்த்து எடுத்துவந்தேன். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, தனியாகக் குடித்தால் மேலெல்லாம் சிந்திக்கொள்வார். அதனால் டம்ளரின் அடியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.